விரிசல் விட்ட சிடியை டிரைவில் போடாதீர்கள்!

கல்யாண சிடி, கோயில் திருவிழா சிடி, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழா சிடி... உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படிப் பத்து இருபது சிடிகள் தூங்கிக் கொண்டிருக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செய்ய நினைக்கும் முதல் வேலைகளில் ஒன்று, இவற்றை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது. நல்ல வேலைதான். இப்போது விற்கும் லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் சிடி டிரைவ் இருப்பதில்லை. அதனால் யுஎஸ்பி கேபிளில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்குவீர்கள். அல்லது டிரைவ் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்குவீர்கள். எதை வாங்கினாலும் முதல் சிடியைப் போடும் முன் இந்தக் கட்டுரையைப் படித்து விடுங்கள்.

விருதுநகரில் பழைய சிடிகளை பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையையும் நான் செய்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா வீடியோ சிடி ஒன்றைக் கொண்டு வந்தார். 2005ஆம் ஆண்டு பங்குனிப் பொங்கலில் எடுத்தது. மாரியம்மன் கோயிலுக்கு அவருடைய கணவர் அக்கினிச்சட்டி எடுத்து வரும் காட்சி அதில் இருக்கிறது. கணவர் இப்போது இல்லை. போட்டோக்கள் உண்டு, நடந்து வருவதைப் பார்க்க அந்த சிடி மட்டும்தான்.

சிடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடு ஓட்டையிலிருந்து இரண்டு விரிசல்கள் கிளம்பியிருந்தன. ஒன்று வெள்ளிப் பகுதி வரை போயிருந்தது. "இதைப் போட முடியாதும்மா" என்றேன்.

"ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்க தம்பி. போன வருசம்கூட வீட்ல ஓடுச்சே" என்றார்.

நான் போடவில்லை. அவருக்கு வருத்தம்தான். ஏன் போடவில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அந்த சிடி என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

சிவகாசியில் எனக்குக் கிடைத்த பாடம்

2004ஆம் ஆண்டு சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிடிபி பிரிவில் வேலை பார்த்தேன். ஆடி மாதம். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும் என்று ஊரே ராப்பகலாக ஓடிக் கொண்டிருந்த நேரம். அப்போது பென் டிரைவ் எல்லார் கையிலும் வரவில்லை. டிசைன்கள் எல்லாம் சிடியில்தான் வரும். ஒரு காலண்டருக்கான படங்கள் அடங்கிய சிடி வெளியூரிலிருந்து வந்தது. நடுவில் நகக்கண் நீளத்துக்கு ஒரு கீறல். முந்தின நாள் போட்டபோது நன்றாகத் திறந்தது. "நேற்றுத் திறந்ததே" என்று மறுநாளும் போட்டேன்.

பாதிக்கு மேல் காப்பி ஆனதும் நின்றது. ரீட்ரை பட்டனைக் கிளிக் செய்தேன். டிரைவின் சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. லைட் எரிகிறதா என்று குனிந்து பார்த்து விட்டு நிமிர்ந்தேன். டமார் என்று ஒரு சத்தம். ட்ரேயின் முன்மூடி பிய்த்துக் கொண்டு கீபோர்டின் மேல் வந்து விழுந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு துண்டு கிழித்து விட்டது. குனிந்த தலையை நிமிர்த்தச் சில நொடி தாமதித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும்.

மெஷின் பிரிவிலிருந்து முதலாளி அண்ணாச்சி ஓடி வந்தார். பக்கத்துக் கட்டடத்து ஆட்கள் தெருவுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் முதலில் எந்தத் திசையில் புகை வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். "எங்கேப்பா?" என்று கேட்டவர்களிடம் "சிடிதான் உடைஞ்சுது" என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. அந்தப் படங்களுக்கு வேறு காப்பி கிடையாது. மறுபடி வரைந்து, ஸ்கேன் செய்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

பட்டாசு விடும் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. பற்ற வைத்து வெடிக்காத வெடியிடம் போய்க் குனிந்து பார்க்காதே, அதை மறுபடி பற்ற வைக்காதே. சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த நான், விரிசல் விட்ட சிடியை மறுபடி போட்டு, குனிந்தும் பார்த்தேன்!

மருந்து இல்லாத சிடி எப்படி வெடிக்கிறது?

சிடியில் வெடிமருந்து எதுவும் இல்லை. அது சுற்றும் வேகம்தான் காரணம். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

சிடியின் விட்டம் 120 மி.மீ. கனம் 1.2 மி.மீ. நடு ஓட்டை 15 மி.மீ. எடை சுமார் 15 கிராம். பாலிகார்பனேட் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. 1982ல் பாட்டுக் கேட்பதற்காக சிடி வந்தபோது அது நிமிடத்துக்குச் சுமார் 200 முதல் 500 சுற்றுகள்தான் சுற்றியது. அந்த வேகத்தைத்தான் 1எக்ஸ் என்கிறோம். கம்ப்யூட்டர் கணக்கில் நொடிக்கு 150 கேபி.

ஃபைல்களை வேகமாகப் படிப்பதற்காக டிரைவ்களின் வேகத்தைக் கூட்டிக் கொண்டே போனார்கள். 52எக்ஸ் என்று முகப்பில் எழுதியுள்ள டெஸ்க்டாப் டிரைவ் முழு வேகத்தில் சிடியை நிமிடத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுற்றும். அப்போது சிடியின் விளிம்பு மணிக்குச் சுமார் 235 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விருதுநகர் வழியாகப் போகும் வந்தே பாரத் ரயிலைவிட இது மிக அதிகம்!

இந்த வேகத்தில் விளிம்பில் உள்ள ஒவ்வொரு கிராம் பிளாஸ்டிக்கும் வெளியே பறக்கப் பார்க்கும். அதைப் பிடித்து வைக்க ஏழு கிலோ எடையைத் தாங்கும் அளவுக்கு விசை வேண்டும். சுற்றும் சிடியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 16 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை ஆள் உயரத்திலிருந்து கீழே போட்டால் வருகிற அடிக்குச் சமம். சிடி உடையும்போது அந்த அடி ஒரே நொடியில், பல கூரான துண்டுகளாகப் பிரிந்து வெளியே வருகிறது.

அப்படியானால் நல்ல சிடியும் உடையுமா? பயப்பட வேண்டாம். சுற்றும்போது அதிக இழுவிசை விழுவது நடு ஓட்டையின் ஓரத்தில். 52எக்ஸ் வேகத்தில்கூட அந்த இழுவிசை, பாலிகார்பனேட் தாங்கக் கூடியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பழுதில்லாத சிடி தாராளமாகத் தாங்கும்.

விரிசல் வந்து விட்டால் கதை மாறி விடுகிறது. புதுத் துணியைக் கையால் கிழிப்பது கஷ்டம். ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு போட்டு இழுத்தால் சர்ரென்று கிழிகிறது அல்லவா? அதே மாதிரிதான். இழுவிசை முழுவதும் விரிசலின் நுனியில் வந்து குவிகிறது. ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் நுனி கொஞ்சம் முன்னேறுகிறது. நேற்று ஓடிய சிடி இன்று உடைவது இதனால்தான். "போன தடவை ஓடியதே" என்பதை வைத்து இந்தத் தடவையும் ஓடும் என்று நினைக்கக் கூடாது. போன தடவை ஓடியதில் விரிசல் இன்னும் நீண்டிருக்கும்.

டிவிடிக்கும் இதே கணக்குத்தான். 16எக்ஸ் டிவிடி டிரைவ் 9,000 சுற்றுக்கு மேல் போகும். டிவிடி 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டு விட்டுப் போன டிவிடியையும் போடக் கூடாது.

யுஎஸ்பி டிரைவ்களும் லேப்டாப் டிரைவ்களும் மெல்லியவை. பொதுவாக சிடியை 24எக்ஸ் வேகத்தில், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்றில் ஓட்டுகின்றன. வேகம் பாதியானால் இழுவிசை கால்வாசி ஆகும். ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் போகவில்லை. அந்த டிரைவின் மூடியும் டெஸ்க்டாப் டிரைவின் தகரப் பெட்டி போலக் கனமானது இல்லை.

போடும் முன் பத்து நொடி

ஒவ்வொரு சிடியையும் போடும் முன் இந்த ஐந்தையும் பாருங்கள். பழகி விட்டால் பத்து நொடி போதும்.

1. சிடியை ஜன்னல் வெளிச்சத்திலோ டியூப் லைட்டுக்கு நேராகவோ பிடித்து, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற பகுதியைப் பாருங்கள். முடி போல ஒரு கோடு தெரிந்தால் சிடியைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது கோடு மின்னினால் அது விரிசல்.

2. நகத்தை அந்தக் கோட்டின் மேல் குறுக்கே நகர்த்துங்கள். மேலே மட்டும் உள்ள கீறல் ஒரு பக்கத்தில்தான் நகத்தில் தட்டுப்படும். இரண்டு பக்கமும் தட்டுப்பட்டால், அல்லது கோடு ஓட்டையின் விளிம்பைத் தொட்டால் அந்த சிடியைப் போடாதீர்கள்.

3. வெளி விளிம்பைச் சுற்றி விரலை மெதுவாக ஓட்டுங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் போடாதீர்கள்.

4. சமமான கண்ணாடி மேல் வையுங்கள். ஒரு பக்கம் தூக்கிக் கொண்டு ஆடினால் சிடி வளைந்திருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி ஆண்டுக்கணக்கில் கிடந்த சிடிகளை மறக்காமல் இப்படிப் பாருங்கள். சித்திரை வெயில் எங்கள் மாவட்டத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

5. மேலே பேப்பர் லேபிள் ஒட்டியிருக்கிறதா? ஓரம் பெயர்ந்திருக்கிறதா? பாதி கிழிந்திருக்கிறதா? நடுவிலிருந்து 3 செ.மீ. தள்ளி அரை கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தாலே, 52எக்ஸ் வேகத்தில் அது கிட்டத்தட்ட 1.8 கிலோ விசையுடன் சிடியை ஒரு பக்கமாக இழுக்கும். சிடி அதிரும். விரிசல் உள்ள சிடிக்கு அந்த அதிர்வு போதும்.

லேபிளைப் பிய்த்து எடுத்து விடலாமே என்று நினைக்காதீர்கள். சிடியில் தகவலைக் காட்டும் வெள்ளிப் படலம் லேபிள் பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கிறது. லேபிளை இழுத்தால் படலமும் சேர்ந்து வந்து விடும். அந்தப் படலம் போனால் தகவலும் போய் விட்டது.

கீறலும் விரிசலும் ஒன்றல்ல

புதியவர்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக் கொள்கிறார்கள். கீறல் என்பது மேற்பரப்பில் மட்டும் இருப்பது. கீறல் விழுந்த சிடி படிக்கச் சிரமப்படும், ஆனால் உடையாது. அதைப் போட்டுப் பார்க்கலாம். பஞ்சு போன்ற மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டமாக விழும் கீறல், தகவல் எழுதப்பட்ட தடத்தின் வழியிலேயே போவதால் படிப்பது இன்னும் கஷ்டமாகி விடும்.

விரிசல் என்பது பிளாஸ்டிக்கே பிளந்திருப்பது. அதைத் துடைத்தும் சரியாக்க முடியாது, ஒட்டியும் சரியாக்க முடியாது.

விரிசல் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். சிடி பெட்டியின் நடுவில் பூப்போன்ற பற்கள் சிடியை இறுக்கிப் பிடித்திருக்கும். விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் சிடி வில் மாதிரி வளைகிறது. வளைவின் அழுத்தம் முழுவதும் நடு ஓட்டையின் ஓரத்தில் விழுகிறது. முதல் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

சரியான முறை இதுதான்: ஒரு விரலால் நடுப் பற்களை அழுத்துங்கள். சிடி தானாகத் தளர்ந்த பிறகு விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

யுஎஸ்பி டிரைவ் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதில் சிடியை ட்ரேயில் சும்மா வைத்தால் போதாது. நடுவில் இரண்டு விரல்களால் அழுத்தினால் டக் என்று உட்காரும். எடுக்கும்போது கட்டை விரலால் நடுக் குமிழை அழுத்திப் பிடித்துக் கொண்டு, மற்ற விரல்களால் விளிம்பைத் தூக்குங்கள். சரியாக உட்காராமல் ட்ரேயை மூடினால் சிடி உள்ளே உரசும்.

ஓடும்போது சத்தம் வந்தால்

சிடி போட்டதும் உய்ங் என்று சத்தம் வருவது சாதாரணம். மேஜையே நடுங்கும்படி அதிர்ந்தால், தடதடவென்று அடித்தால், சத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் உடனே கவனியுங்கள்.

* முகத்தையும் கையையும் ட்ரேக்கு நேராக வைக்காதீர்கள். பக்கவாட்டுக்கு நகருங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.
* ரீட்ரை கொடுக்காதீர்கள். கேன்சல் கொடுங்கள்.
* எஜெக்ட் பட்டனை ஒரு முறை மட்டும் அழுத்துங்கள். சுற்று நின்ற பிறகுதான் ட்ரே திறக்கும்.
* திறக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யுங்கள். யுஎஸ்பி டிரைவ் என்றால் கேபிளைக் கழற்றி விடுங்கள்.

உள்ளேயே உடைந்து விட்டால்

1. எஜெக்ட் அழுத்தாதீர்கள். வேறு சிடி போட்டுப் பார்க்காதீர்கள். மின்சாரம் கிடைத்தவுடன் டிரைவ் உள்ளே சிடி இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கும். உடைந்த துண்டுகள் மறுபடி சிதறும், லென்ஸும் பாழாகும்.

2. ஷட்டவுன் செய்து, சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி விடுங்கள்.

3. உடம்பில் துண்டு பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணில் ஏதாவது பட்டிருந்தால் கசக்காதீர்கள், நீங்களாக எடுக்க முயலாதீர்கள். உடனே கண் மருத்துவரிடம் போங்கள். கம்ப்யூட்டர் காத்திருக்கட்டும்.

4. மேஜை, கீபோர்டு, தரை மூன்றையும் தேடிப் பாருங்கள். உடைந்த பிளாஸ்டிக் பிளேடு மாதிரி வெட்டும். வெள்ளிப் படலம் ஜிகினா போலச் சிதறிக் கிடக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள்.

5. டிரைவின் முகப்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிறு ஓட்டை இருக்கும். மின்சாரம் இல்லாதபோது ட்ரேயைத் திறப்பதற்கான வழி அதுதான். ஜெம் கிளிப்பை நேராக நிமிர்த்தி அந்த ஓட்டையில் மெதுவாக அழுத்துங்கள். ட்ரே கொஞ்சம் வெளியே வரும். கண்ணாடி அணிந்து கொண்டு, கனமான துணியைக் கையில் சுற்றிக் கொண்டு ட்ரேயை இழுங்கள். துண்டுகளைச் சிமிட்டாவால் பொறுக்குங்கள்.

6. ட்ரே வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். டெஸ்க்டாப் என்றால் கேபினட்டைத் திறந்து, டிரைவின் பக்கவாட்டில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, பின்னால் உள்ள டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் எடுத்து விட்டால் டிரைவ் தனியாக வந்து விடும். டிரைவ் இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும். பழக்கம் இல்லாதவர்கள் சர்வீஸ் ஆளிடம் விட்டு விடுங்கள்.

7. கேபினட்டுக்குள், மதர்போர்டின் மேல் துண்டுகள் விழுந்திருந்தால் அனைத்தையும் எடுத்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

டிரைவைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே லேசர் இருக்கிறது. மூடியிருக்கும் வரைதான் அது கண்ணுக்குப் பாதுகாப்பு.

உடையும் முன் காப்பி எடுங்கள்

விரிசல் விட்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கும்போதே காப்பி எடுத்து விடுவதுதான் ஒரே வழி. ஒரு சிடியின் கொள்ளளவு 700 எம்பி. 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் இருபது சிடிகள் அடங்கி விடும்.

வீடியோ சிடி: சிடியைத் திறந்தால் எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் உள்ள டாட் ஃபைல்தான் உங்கள் படம். அதை ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். விஎல்சி பிளேயரில் ஓடும்.

டிவிடி: வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்யுங்கள். உள்ளே உள்ள விஓபி ஃபைல்களில் படம் இருக்கிறது.

ஆடியோ சிடி: இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். திறந்தால் சிடிஏ என்று முடியும் ஃபைல்கள் தெரியும். அவற்றைக் காப்பி செய்தால் ஒரு நொடியில் முடிந்து விடும். "அட, இவ்வளவு சீக்கிரமா!" என்று மகிழ்ந்து விடாதீர்கள். அந்த ஃபைல் ஒவ்வொன்றும் 44 பைட் மட்டுமே. பாட்டு எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் அது, பாட்டு அல்ல. விண்டோஸ் மீடியா பிளேயரில் ரிப் என்பதைக் கிளிக் செய்து பாட்டாக மாற்ற வேண்டும்.

கீறல் உள்ள சிடி பாதியில் நின்றால் வேகத்தைக் குறைத்துப் படியுங்கள். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளில் சிடியை இமேஜ் ஃபைலாகப் படிக்கும் வசதி உண்டு. அங்கே ரீட் ஸ்பீடு என்ற இடத்தில் 8எக்ஸ் போன்ற குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நேரம் ஆகும். பொறுமையாக விட்டு விடுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும். நண்பர் வீட்டு டிரைவிலும் முயன்று பாருங்கள்.

காப்பி எடுத்த பிறகு படத்தை ஒரு முறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். பிறகு இன்னொரு பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ இரண்டாவது காப்பி வையுங்கள். பென் டிரைவும் ஒரு நாள் கெட்டுப் போகும்.

சில சந்தேகங்கள்

விரிசல் மேல் செல்லோ டேப் ஒட்டிப் போடலாமா?
கூடாது. டேப் ஒரு பக்கம் எடையைக் கூட்டும். சுற்றும்போது பிய்ந்து போய் லென்ஸில் சிக்கும். உடனடியாக ஒட்டும் பசையும் விரிசலின் இழுவிசையைத் தாங்காது.

வேகத்தைக் குறைத்து விட்டு விரிசல் விட்ட சிடியைப் போடலாமா?
இதையும் செய்யாதீர்கள். சிடி உள்ளே போனவுடன் டிரைவ் தானாகச் சுற்றி அது என்ன வகை சிடி என்று பார்க்கும். நீங்கள் மென்பொருளைத் திறந்து வேகத்தைக் குறைக்கும் முன்பே அது முடிந்து விடும்.

டிவியுடன் இருக்கும் பழைய விசிடி பிளேயரில் ஓடுகிறதே?
அது படத்தைப் பார்க்கும் வேகத்தில், ஏறத்தாழ 1எக்ஸில் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் டிரைவ் பல மடங்கு வேகம். "டிவியில் ஓடியது, கம்ப்யூட்டரில் உடைந்தது" என்பதற்கு இதுதான் காரணம்.

சிடியின் மேல் பெயர் எழுதலாமா?
நடுவில் உள்ள கண்ணாடி வளையத்தில், மெத்தென்ற முனையுள்ள மார்க்கரால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அதன் முனை வெள்ளிப் படலத்தைக் கீறி விடும்.

வேண்டாத சிடியை என்ன செய்வது?
விரிசல் விட்ட சிடியை நல்ல சிடிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். யாராவது தெரியாமல் போட்டு விடுவார்கள். மார்க்கரால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு, உறையில் வைத்துத் தனியே எடுத்து வையுங்கள். கையால் ஒடிக்காதீர்கள், துண்டு தெறிக்கும்.

அந்த சிடி என்ன ஆயிற்று?

அந்த அம்மாவிடம் கையில் இருந்த பழைய தழும்பைக் காட்டிக் காரணத்தைச் சொன்னேன். "இதைப் போட்டா, உடைஞ்சாலும் உடையலாம். உடைஞ்சா ஒண்ணுமே மிஞ்சாதும்மா. இந்தக் கேசட்டை அப்ப வேற யாருக்காவது குடுத்தீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். வீடியோகாரர் அப்போது மூன்று சிடி போட்டுக் கொடுத்ததாகவும், ஒன்று சாத்தூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனதாகவும் சொன்னார்.

அடுத்த வாரம் அந்த சிடி வந்தது. பார்க்கவே பயமாக இருந்தது. பிள்ளைகள் தரையில் தேய்த்து விளையாடியிருப்பார்கள் போல, அவ்வளவு கீறல். ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடு ஓட்டையைச் சுற்றி ஒரு விரிசலும் இல்லை. போட்டேன். முதல் டிரைவில் பாதியிலேயே நின்றது. இன்னொரு டிரைவில் 8எக்ஸ் வேகத்தில் வைத்து விட்டுச் சாப்பிடப் போனேன். நடுவில் நான்கு நிமிடம் போலக் காணவில்லை. மீதி வந்து விட்டது. சட்டி எடுத்து வரும் காட்சியும் வந்தது.

அந்த அம்மா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக் கொண்டு, "இன்னொரு பென் டிரைவ்லயும் போட்டுக் குடுங்க தம்பி. சாத்தூருக்கும் ஒண்ணு குடுக்கணும்" என்றார்.

உங்கள் அலமாரியில் இருக்கும் சிடிகளை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நன்றாக இருப்பதை உடனே காப்பி எடுங்கள். விரிசல் விட்டதைத் தனியே வையுங்கள். அதைப் போட்டுப் பார்ப்பதற்குப் பதிலாக, அதே நிகழ்ச்சியின் காப்பி வேறு எந்தச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கும் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.